பதினேழாம் பெட்டி

பியூட் நகரத்துப் பிப்ரவரியில்
என் கடைக்கு வருகிறவர்கள் முதலில் எடுத்துக்கொள்வது
கொஞ்சம் வெப்பம்.
ஹீட்டருக்கு முதுகைக் காட்டி நின்று
கையுறை கழற்றி
அதன் பிறகுதான் கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார்கள்.
டார்லா வுகோவிச்சும் அப்படித்தான் நின்றாள்.
மலைச்சாலைகளில் தபால் போடுகிறவள்.
கெண்டைக்காலில் இரண்டு நாய்களின் பல்தடம்,
வலது கட்டைவிரலில் வாதம்.

"சனிக்கிழமை தகரத்தைச் சுட வேண்டும்.
மற்ற நாளெல்லாம்
சுட வேண்டியே வராமல் பக்கத்தில் இருக்க வேண்டும்.
இரண்டுக்கும் ஒன்றே போதுமா?"

இருபத்தாறு வருஷமாக விற்கிறேன்,
இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்டதில்லை.
படத்தில் பார்த்ததைக் கேட்பார்கள்.
அல்லது ஒருவர் வந்து
மனைவிக்கென்று குட்டியாக ஒன்று,
முடிந்தால் ரோஜா நிறத்தில், என்பார்.
குட்டிதான் கழுதையாக உதைக்கும்.
உதை வாங்கப்போவது அவர் இல்லையே.

ரப்பர் விரிப்பில் நான்கை வைத்தேன்.
ஒவ்வொன்றையும் திறந்து, அறை காலி என்று காட்டி,
அவள் தலையசைத்த பிறகும்
இன்னொரு முறை காட்டி.

முதலாவதின் ஸ்லைடு வரவில்லை.
ஊறுகாய் ஜாடியோடு மல்லுக்கட்டுகிறவள் மாதிரி
வயிற்றோடு அணைத்து இழுத்தாள்.
பாதி வந்து, விரலைக் கவ்வப் பார்த்தது.
"இதற்கு என்னைப் பிடிக்கவில்லை."
இரண்டாவதின் பிடி தடிமன், விசைக்கு விரல் எட்டவில்லை.
மூன்றாவது முழு இரும்பு.
கனம் உதைப்பை விழுங்கிவிடும், உண்மைதான்,
ஆனால் அந்தக் கனத்தை
இடுப்பு அல்லவா சுமக்க வேண்டும்.
நான்காவது ஒன்பது மில்லிமீட்டர், ஸ்பிரிங் இளசு.
ஸ்லைடு மேஜை இழுப்பறைபோல வந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே வைக்கவும் இல்லை.

பின்பக்கக் கூடத்தில், ஏழு கஜ தூரத்தில்
முதல் குண்டு கீழே, இடதுபுறம்.
இரண்டாவதும் கீழே, இடதுபுறம்.
"சத்தம் வருமுன்பே பயப்படுகிறீர்கள்" என்றேன்.
"பதினோரு வருஷப் பழக்கம்" என்றாள்
இலக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.
ஐந்தாவதில் இரும்புத் தட்டு மணியடித்தது.
அதே நொடி, சூடான பித்தளைக் கூடு ஒன்று
அவள் காலருக்குள் விழ,
துப்பாக்கியை ஒழுங்காகக் கீழே வைத்துவிட்டுத்தான் துள்ளினாள்.
அப்போதே தெரிந்தது, இவள் கற்றுக்கொள்வாள்.

படிவத்தை நிரப்பினோம்.
படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று என்னிடம் உண்டு.
ஒரு நவம்பரில் காலையில் விற்றது
மாலையில் போலீஸ்காரரின் உறையில் திரும்பி வந்து
வரிசை எண்ணைச் சரிபார்க்கச் சொன்னார்கள்.
அன்றிலிருந்து கேட்கிறேன்.

வீட்டில் வேறு யார்?

"தம்பி. ராய்ஸ்.
சுரங்கத்தில் ஆள் குறைத்த பிறகு
என் சோபாவில்தான் தூங்குகிறான்."
பேனாவை மூடினாள்.
"தூங்குவதில்லை."

ஜன்னலுக்கு வெளியே, மேட்டில்,
பழைய சுரங்கக் கோபுரங்களில் சிவப்பு விளக்கு ஏற்றியிருந்தார்கள்.
இறக்க யாருமில்லாத கூண்டுகளுக்கு
இன்னும் விளக்கு.

"இதை இங்கேயே வைக்கலாமா?"
வைக்கலாம். பின்சுவரில் பெட்டிகள் உண்டு,
மாதம் எட்டு டாலர்.
ஆனால் ராத்திரியில் யாராவது கதவை இடித்தால்,
என்று இழுத்தேன், வியாபாரி இல்லையா.
"கதவைப் பற்றியே யோசித்து வந்தேன்" என்றாள்.
"நல்ல தாழ்ப்பாள் எங்கே கிடைக்கும்?"

எதிர்த்தெருக் கடையைக் கைகாட்டினேன்.

பதினேழாம் பெட்டி. சாவி அவள் கழுத்தில்.
மூன்றாம் சனிக்கிழமை ராய்ஸையும் அழைத்து வந்தாள்.
சவரம் செய்யாத, நெடிய மனிதர்.
தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
என் காப்பியை வாங்கிக்கொண்டு நின்றார்.
சுட வேண்டும் என்று கேட்கவில்லை,
நானும் நீட்டவில்லை.
அவள் தவறவிடும்போது மட்டும்
அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும்
கண்ணாடியைத் தட்டிச் சொல்கிறார்:
கீழே. இடது.